காலியாக இல்லாத காடுகள்

சேலம், தருமபுரி பக்கம் ஒரு பாட்டி "காட்டுக்குப் போயிட்டு வரேன் கண்ணு" என்று கிளம்பினால் யாரும் பயப்படுவதில்லை. கையில் துப்பாக்கி இருக்காது, கேமராவும் இருக்காது. ஒரு களைக்கொத்தும் ஒரு தூக்குப்போசியும் இருக்கும், அவ்வளவுதான். அங்கே காடு என்றால் விதைக்கிற நிலம். சோளக்காடு, கடலைக்காடு, மானாவாரிக்காடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதையே கொல்லை என்றும் சொல்வார்கள். உத்தனப்பள்ளியைச் சுற்றி ராகியும் காய்கறியும் பூவும் விளைகிற நிலங்கள் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் சானமாவு காப்புக்காடு. மரம் நிற்கிற இடமும் காடுதான், மண்வெட்டி விழுகிற இடமும் காடுதான். இரண்டிலும் மனிதன் இருக்கிறான்.

ஆங்கிலத்தில் வில்டர்னஸ் என்று ஒரு சொல் உண்டு. ஆளே இல்லாத, யாரும் தொடாத, யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் சரியாக அதே சொல் கிடைப்பது சிரமம். பைபிள் மொழிபெயர்ப்பில் வரும் "வனாந்தரம்" கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் பேச்சில் யாரும் அதைச் சொல்வதில்லை. இந்தச் சொல் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். சினிமா பிறந்த காலத்திலிருந்தே இந்த "ஆளில்லாத இடத்தை" படம் பிடித்துக் காட்டுவது ஒரு பெரிய வியாபாரமாக இருந்திருக்கிறது. அந்தப் பழைய படச்சுருள்களைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் அந்தப் படங்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

பயணப்படத்துக்கு ஆங்கிலத்தில் டிராவலாக் என்று பெயர். 1904 வாக்கில் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் பர்ட்டன் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர். கண்ணாடி ஸ்லைடுகளுக்குக் கையால் வண்ணம் பூசி, நடுநடுவே சலனப்படத்தையும் ஓட்டி, மேடையில் நின்று பேசுவார். ஊரை விட்டு வெளியே போக வசதியில்லாதவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு படையே கிளம்பியது. ஆப்பிரிக்காவிலும் போர்னியோவிலும் மார்ட்டின் ஜான்சனும் அவர் மனைவி ஓசாவும். சயாம் காட்டில் மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும். எவரெஸ்ட் அடிவாரத்தில் கேப்டன் ஜான் நோயல். எம்.ஜி.எம். கம்பெனிக்காக ஜேம்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1930களில் தொடங்கிப் பல ஆண்டுகள் குறும்பயணப் படங்களாக எடுத்துத் தள்ளினார்.

சேகரிப்பாளர்கள் இவற்றில் மயங்குவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. முதல் காரணம் அழகு. அந்தக் கால டெக்னிகலர் பிரதிகளில் சாயம் அச்சடித்தது போல ஏற்றப்பட்டிருக்கும். எண்பது வருடம் ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். பின்னால் வந்த ஈஸ்ட்மன்கலர் பிரதிகளோ வெளுத்துப்போய் முழுப் படமும் ரோஸ் கலரில் நிற்கும். இரண்டாவது காரணம், கையில் பிடிக்கக்கூடிய பொருள் என்பது. கோடக் கம்பெனி 1923ல் 16 எம்.எம். ஃபிலிமையும் 1932ல் 8 எம்.எம். ஃபிலிமையும் கொண்டுவந்த பிறகு படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1937 முதல் கேசில் ஃபிலிம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வீட்டில் போட்டுப் பார்க்கும் சின்னச்சின்னப் படங்களைச் சில டாலருக்கு விற்றது. அட்டைப்பெட்டி, அதன்மேல் வண்ணப்படம், உள்ளே ஒரு சுருள். புத்தகம் வாங்குவது போல வாங்கிக்கொண்டு போகலாம்.

தமிழர்களுக்கு இந்த மயக்கம் புரியாமல் போகாது. எண்பதுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தியேட்டர் வாசலில் பொறுக்கிய ஃபிலிம் துண்டு, தண்ணீர் நிரப்பிய பழைய பல்பு, வெயிலைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, திரைக்கு அப்பாவின் வேட்டி. சிவாஜியோ எம்.ஜி.ஆரோ அசையாமல் நிற்பார்கள். அதற்கே ஐந்து பைசா வசூல் செய்த முதலாளிகள் உண்டு! டெண்ட் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்களில்தான் பலர் முதன்முதலாக இமயமலையையும் நாகாலாந்தையும் பார்த்தார்கள். போகாத ஊரைப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் பொதுவானது. அதில் தப்பே இல்லை.

தப்பு எங்கே தொடங்குகிறது என்றால், போகாத ஊரை "ஆளில்லாத ஊராக" மாற்றிக் காட்டும்போதுதான்.

1909ல் நடந்த ஒரு கூத்தைக் கேளுங்கள். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். வில்லியம் செலிக் என்ற பட முதலாளி தன் கேமராவையும் கூட அனுப்பப் பார்த்தார், முடியவில்லை. மனிதர் அசரவில்லை. சிகாகோவில் இருந்த தன் ஸ்டூடியோவிலேயே செடிகொடிகளை நட்டு ஆப்பிரிக்காவை உண்டாக்கினார். ரூஸ்வெல்ட் மாதிரி மீசை வைத்த ஒரு நடிகர், ஒரு கிழட்டுச் சிங்கம், சிகாகோவில் வசித்த சில கறுப்பின மக்கள். சிங்கத்தை நிஜமாகவே சுட்டுக் கொன்று படம் எடுத்தார்கள். ரூஸ்வெல்ட் சிங்கம் சுட்ட செய்தி வந்ததும் படத்தை வெளியிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. நிஜமாகவே ஆப்பிரிக்கா போய் ரூஸ்வெல்டைப் படம் பிடித்த செர்ரி கீர்ட்டனின் படம் அடுத்த வருடம் வந்தது. அதற்கு அந்த அளவு வரவேற்பு இல்லை. நிஜக் காடு போதுமான அளவு "காடாக" இல்லை போலும்!

செலிக் வெறும் வியாபாரி என்று ஒதுக்கிவிடலாம். ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியை அப்படி ஒதுக்க முடியாது. ஆவணப்படத்தின் தந்தை என்று இன்றும் பாடம் நடத்தப்படுகிறவர். கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்களோடு வாழ்ந்து அவர் எடுத்த "நானூக் ஆஃப் த நார்த்" 1922ல் வெளிவந்தது. உண்மையிலேயே அருமையான படம். ஆனால் அதில் நானூக் என்று வருபவரின் நிஜப் பெயர் அல்லக்காரியல்லாக். அப்போதே அந்த மக்கள் துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். படத்துக்காகப் பழைய ஈட்டியை எடுக்கச் சொன்னார் இயக்குநர். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பாதி வீட்டை மட்டும் கட்டவைத்துப் படம் பிடித்தார். படத்துக்குப் பணம் போட்டது ரெவியோன் ஃப்ரேர் என்ற கம்பளித்தோல் கம்பெனி. அதாவது, வெளி உலகமே தொடாத மனிதர்கள் என்று காட்டிய படத்துக்குச் செலவு செய்தவர்கள், அதே மனிதர்களிடம் தோல் வாங்கி விற்ற வியாபாரிகள்.

இதே ஃப்ளாஹர்ட்டி பிறகு நம் பக்கத்துக்கு வந்தார். ரட்யார்ட் கிப்ளிங்கின் ஒரு யானைக் கதையைப் படமாக்க 1930களின் நடுவில் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து இறங்கினார். அங்கே யானைக்கொட்டாரத்தில் கிடைத்த பையன்தான் சாபு. காராப்பூரைச் சேர்ந்தவன், மாவுத்தன் மகன், அப்பா அம்மா இருவரும் இல்லாதவன். 1937ல் "எலிஃபண்ட் பாய்" வெளிவந்தபோது சாபு உலகப் புகழ் பெற்றுவிட்டான். படத்துக்கு வெனிஸ் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசும் கிடைத்தது. கதைக் காட்சிகளை லண்டன் அருகே டென்ஹாம் ஸ்டூடியோவில் ஜோல்டான் கோர்டா எடுத்தார். காடும் யானைகளும் ஃப்ளாஹர்ட்டி மைசூரில் எடுத்தவை. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே காடாகத் தெரிய வேண்டும். தெரிந்தது.

பயணப்படக்காரர்களுக்கு மைசூர் மேல் அவ்வளவு பிரியம் இருந்ததற்குக் காரணம் கெத்தா. காட்டு யானைக் கூட்டத்தை நூற்றுக்கணக்கான ஆட்கள் சத்தம் போட்டு விரட்டி, மரக்கட்டை வேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் முறைக்கு அந்தப் பெயர். மைசூரில் இதை 1870களில் சாண்டர்சன் என்ற ஆங்கிலேயர் முறைப்படுத்தினார். பிறகு காக்கனகோட்டையில் யானைகளைக் கபினி ஆற்றில் இறக்கி விரட்டுவது ராஜ விருந்தாளிகளுக்கான திருவிழாவாகவே ஆனது. வைஸ்ராய்களும் வெளிநாட்டுப் பிரமுகர்களும் மேடை போட்டுப் பார்த்தார்கள். கேமராக்களும் வந்தன. கடைசி கெத்தா நடந்தது 1971ல். அதன்பிறகு சட்டம் மாறியது, கபினி அணை வந்தது, பழைய காக்கனகோட்டை தண்ணீருக்குள் போய்விட்டது.

இப்போது ஒரு கெத்தா படச்சுருள் ஒரு சேகரிப்பாளர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்ப்பது எதை? பெரும்பாலும் யானையை, ஆற்றை, காட்டை. பின்னணிக் குரலும் அதைத்தான் பார்க்கச் சொல்லும். மர்ம இந்தியா, ஆதி வனம், மனிதன் காலடி படாத பூமி என்ற ரீதியில் போகும். ஆனால் திரையின் ஓரத்தைப் பாருங்கள். யானையின் கழுத்தில் உட்கார்ந்து காலால் அதை நடத்தும் மாவுத்தன் இருக்கிறான். தடம் பார்த்துச் சொல்லும் குறும்பர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு மரம் வெட்டிச் சுமந்தவர்கள், கயிறு திரித்தவர்கள், தீப்பந்தம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். மனிதன் காலடி படாத பூமி என்று குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படத்தின் ஓரத்தில் நூறு காலடிகள் ஓடிக்கொண்டிருக்கும்! வர்ணனை பொய் சொல்கிறது, ஃபிலிம் பொய் சொல்லவில்லை. இந்தப் படங்களைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இன்னும் கிட்டே வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை எல்லாருக்கும் தெரியும். அதன் அதிபர் டி.ஆர்.சுந்தரம் 1952ல் ஹாலிவுட்டின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து ஒரு ஆங்கிலப் படம் எடுத்தார். பெயர் "த ஜங்கிள்". தமிழில் "காடு". இயக்கம் வில்லியம் பெர்க். ராட் காமரூன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் என்ற ஹாலிவுட் நடிகர்களோடு நம்ம ஊர் எம்.என்.நம்பியாரும் உண்டு. யானைகள் ஊருக்குள் புகுந்து அழிக்கின்றன, ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு குழு காட்டுக்குள் போகிறது. கடைசியில் பார்த்தால் உள்ளே உரோமம் அடர்ந்த ஆதிகால மாமூத் யானைகள்! சாதாரண யானைகளுக்குச் சடைமுடி ஒட்டி நடக்கவிட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திய மாதிரி அந்த யானைகள் பட்ட பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கும். அமெரிக்காவில் இது பழுப்பு நிறப் பிரதிகளாக ஓடியது. பழைய பி கிரேடு படங்களைச் சேர்ப்பவர்கள் இன்றும் இதைத் தேடுகிறார்கள்.

அது நேரடியாகப் பயணப்படம் இல்லைதான். கதைப்படம். ஆனால் விலங்குகள், ஆட்டபாட்டம், கிராமம் என்று பயணப்படத்தின் சரக்கெல்லாம் அதில் இருந்தது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1952ல் ஓசூர் பகுதி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தருமபுரி 1965ல் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004ல் பிரிந்தது. ஆக, உத்தனப்பள்ளிக்காரர்கள் தங்கள் ராகிக்கொல்லையில் நிஜ யானையை விரட்டிக்கொண்டிருந்த அதே மாவட்டத்தில், ஹாலிவுட் கம்பெனி சடைமுடி ஒட்டிய யானையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. யானைகள் ஏன் ஊருக்குள் வருகின்றன என்ற கேள்விக்கு அந்தப் படம் மாமூத் என்று பதில் சொன்னது. உத்தனப்பள்ளியில் யாரையாவது கேட்டிருந்தால் ராகி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

இந்தப் பகுதி எழுத்திலும் அப்படித்தான் பதிவானது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954ல் வெளியிட்ட முதல் புத்தகத்திலேயே ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி வந்துவிடுகிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாம் அவர் கதைகளில் அடிக்கடி வரும் பெயர்கள். அவரைப் பாராட்டியே ஆக வேண்டும். ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதினார். எந்தக் கிராமம், எந்த ஓடை, எந்தப் பாதை என்று சொன்னார். அதனால்தான் இன்றும் அவருடைய வாசகர்கள் அந்த இடங்களைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். பயணப்படக்காரர்களில் பெரும்பாலோர் அதைக்கூடச் செய்யவில்லை. டப்பாவின் மேல் "இந்தியா, ஜங்கிள்" என்று எழுதி முடித்துவிட்டார்கள். எந்த ஜங்கிள்? பன்னேர்கட்டாவா, காக்கனகோட்டையா, வயநாடா? தெரியாது. வாங்குகிறவருக்கு அது தேவைப்படவும் இல்லை. தெரியாமல் இருப்பதுதான் அந்த மயக்கத்துக்கே அடிப்படை.

படம் பிடிக்கப்பட்டவர்களுக்கு இதில் ஒரு வருத்தமும் கிடையாதா? உண்டு. 1924ல் மலோரியும் இர்வினும் எவரெஸ்டில் இறந்துபோன பயணத்தைக் கேப்டன் நோயல் படமாக்கினார். அற்புதமான ஒளிப்பதிவு. ஆனால் திபெத்தியர்களைக் கேலியாகக் காட்டும் சில காட்சிகளை அதில் வைத்தார். கூடவே லாமாக்களை லண்டனுக்கு அழைத்துப்போய், படத்துக்கு முன்னால் மேடையில் ஆடவும் வைத்தார். திபெத் அரசு கொதித்துப்போனது. அடுத்த எவரெஸ்ட் பயணத்துக்கு அனுமதி கிடைக்க 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "எங்கோ கிடக்கும் மலைவாசிகள், இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது" என்று நினைத்தது எவ்வளவு பெரிய தவறு பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "இந்த வெள்ளைக்காரக் குப்பையை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும், தூக்கிப் போடுங்கள்" என்பது. இன்னொன்று, "அழகாக இருக்கிறதா, ரசித்துவிட்டுப் போங்கள், எதற்கு அரசியல்" என்பது. இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள். தூக்கிப் போட்டால் திரையின் ஓரத்தில் இருக்கும் மாவுத்தனும் குறும்பரும் சேர்ந்து போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி வேறு சலனப்படம் கிடையாது. வெறுமனே ரசித்தால் அவர்கள் என்றைக்கும் ஓரத்திலேயே நிற்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை ஒரு சேகரிப்பாளரே தொடங்கி வைத்தார். எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1914ல் கனடாவின் பசிபிக் கரையில் வாழும் க்வாக்வகாவக் பழங்குடிகளை வைத்து "இன் த லேண்ட் ஆஃப் த ஹெட் ஹண்டர்ஸ்" என்று ஒரு படம் எடுத்தார். தலைவெட்டிகளின் நாடு! பெயரே எப்படி என்று பாருங்கள். படம் நஷ்டம், பிறகு மறந்தே போனது. ஒரு சேகரிப்பாளரிடம் இருந்த சிதைந்த பிரதி ஒன்று 1947ல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 1970களில் அதை அந்த மக்களிடமே கொண்டுபோனார்கள். படத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்துத் தங்கள் மொழியில் பேசியும் பாடியும் ஒலி சேர்த்தார்கள். தலைப்பும் மாறியது. 2008ல் மறுபடி மீட்டெடுத்துத் திரையிட்டபோது சந்ததியினர் மேடையில் தங்கள் நடனத்தை ஆடினார்கள். படம் எடுத்த காலத்தில் அவர்களுடைய பாட்லாட்ச் சடங்கைக் கனடா அரசு சட்டம் போட்டுத் தடை செய்திருந்தது. அந்தத் தடை 1951 வரை இருந்தது. பொய்க்கதைக்காக எடுத்த படத்துக்குள் நிஜ முகமூடிகளும் நிஜப் படகுகளும் நிஜ ஆட்டமும் ஒளிந்து பிழைத்துக்கொண்டன.

அந்தச் சேகரிப்பாளர் அந்தப் பிரதியைக் குப்பை என்று விட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதனால் சேகரிப்பாளர்களைத் திட்டுவது இங்கே நோக்கம் இல்லை. சொல்லப்போனால் நமக்குத்தான் அந்தப் புத்தி குறைவு. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931ல் வந்தது, இன்று ஒரு பிரதி கிடையாது. உலகம் சுற்றிய தமிழர் ஏ.கே.செட்டியார் லட்சம் மைல் அலைந்து ஐம்பதாயிரம் அடி ஃபிலிம் திரட்டி 1940ல் காந்தி படத்தை வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் பிரதியும் காணாமல் போனது. பிற்பாடு கிடைத்ததெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்த ஆங்கில வடிவம்தான். நாம் வெள்ளி எடுக்கப் பழைய ஃபிலிமை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் வீட்டு நிலவறையில் நம் காட்டைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

நன்றி சொல்லிவிட்டு ஒரு கோரிக்கையும் வைக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் யார் என்று கண்டுபிடியுங்கள். அது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. கோடக் ஃபிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அந்தச் சுருள் தயாரான வருடத்தைச் சொல்லும் ரகசிய எழுத்து அது. இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும், மற்ற தடயங்களை வைத்து எது என்று முடிவு செய்யலாம். வருடம் தெரிந்தால் இடத்தையும் தேடலாம். மலையின் வடிவம், கோயில் கோபுரம், சேலை கட்டியிருக்கும் விதம், மாட்டின் கொம்பு, இவையெல்லாம் ஊர்க்காரருக்குப் போதும். வெளிநாட்டு நிபுணர் ஒரு வருடம் தேடுவதை ஒரு பெரியவர் ஒரு நிமிடத்தில் "இது நம்ம ராயக்கோட்டை மலையாச்சே" என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் அதைப் பார்க்க வேண்டுமே! படம் லண்டனில் இருக்கிறது, பெரியவர் கெலமங்கலத்தில் இருக்கிறார்.

நேரமும் அதிகம் இல்லை. அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் வினிகர் வாசம் அடித்துச் சுருங்கிப்போகும். அதன் பிறகு புரொஜெக்டரில் ஓட்டினால் ஓட்டைகள் கிழியும். ஃபிலிம் போகிற வேகத்தில் அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

உத்தனப்பள்ளிக்கு இதனால் என்ன லாபம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு வருடமும் ராகி அறுவடை சமயத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்து சானமாவு காட்டில் தங்குகின்றன. இரவில் கொல்லைக்குள் இறங்குகின்றன. விவசாயிகள் பரண் கட்டி, பட்டாசு வெடித்துக் காவல் இருக்கிறார்கள். பயிர் போகிறது, சில சமயம் உயிரும் போகிறது. மறுநாள் செய்தியில் "ஊருக்குள் புகுந்த யானைகள்" என்று வரும். யானை புகுந்ததா, அதன் பாதையில் ஊரும் ரோடும் புகுந்ததா என்ற சண்டைக்கு இன்னும் முடிவில்லை. எழுபது வருடத்துக்கு முந்தைய படச்சுருளில் ஒரு ஓடைக்கரை, ஒரு மேய்ச்சல் நிலம், யானைகள் கடக்கும் ஒரு பள்ளம் தெரிந்தால் அது சாட்சி. உண்ணிச்செடி பரவுவதற்கு முன் காட்டின் தரை எப்படி இருந்தது, புல் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால் அதுவும் சாட்சி. பனிமலைகளின் பழைய படங்களை இன்றைய படங்களோடு ஒப்பிட்டு உருகிய பனியை அளக்கிறார்கள். நம் காட்டுக்கும் அதைச் செய்யலாம், படத்தின் மேல் ஊர்ப் பெயர் இருந்தால்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. "காலி இடம்" என்று பார்க்கும் அந்தப் பார்வை பழைய ஃபிலிமோடு முடிந்துவிடவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி சுற்றுவட்டார விவசாயிகள் 2023ல் நீண்ட நாட்கள் உட்கார்ந்து போராடினார்கள். அருகே நாகமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. தொழிற்சாலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் அந்த விவாதம் தொடங்கும்போதே நிலத்தைக் காலியாகக் காட்டிவிட்டால் பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஓசூர் பக்கம் மனை விற்கும் ட்ரோன் வீடியோக்களைப் பாருங்கள். மேலிருந்து பச்சைப் பசேலென்று ஒரு நிலம், பின்னால் மலை, உருக்கமான இசை. மனிதர் ஒருவரும் இல்லை. 1930களின் பயணப்படத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பச்சை யாரோ விதைத்த பச்சை என்று வீடியோ சொல்வதில்லை.

வார விடுமுறைக்கு வரும் யூடியூப்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. "யாருமே போகாத சொர்க்கம்" என்று தலைப்பு இருக்கும். யாருமே போகாத இடத்துக்கு டவுன் பஸ் எதற்குப் போகிறது, வழியில் டீக்கடை யாருக்காக நடக்கிறது? தளியைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் சொன்னான். இன்றும் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் வீடியோ தொடங்குகிறது. தளி தளியாக இருந்தால் போதாதா?

ஆக, பழைய பயணப்படங்களைச் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். அந்த ரசனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "தொட்டுப்பார்க்காத காடு" என்பதற்காக ஒரு சுருளை அதிக விலைக்கு வாங்குகிறவர், அந்தக் காடு எப்போதோ தொடப்பட்டது, உழப்பட்டது, பெயரிடப்பட்டது, காவல் காக்கப்பட்டது என்று தெரிந்த பிறகும் அதை ரசிக்க முடிந்தால்தான் அது உண்மையான ரசனை. டிஜிட்டலில் ஒரு பிரதி எடுப்பது இன்று பெரிய செலவில்லை. பிரிட்டிஷ் பாத்தே 2014ல் எண்பத்தைந்தாயிரம் படங்களை யூடியூபில் போட்டுவிட்டது. தனியார் அலமாரிகளில் இருப்பவையும் வெளியே வரலாம்.

அப்படி வரும் படங்களில் ஒன்றையாவது ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் சாயங்காலம் திரை கட்டிப் போட வேண்டும். வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் பெரியவர்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் யார் என்ன சொல்கிறார்களோ அதை ஒருவர் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டின் ஒரு நகல், படச்சுருள் இருக்கும் டப்பாவுக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அந்த டப்பா லண்டனில் இருந்தாலும் சரி, சிகாகோவில் இருந்தாலும் சரி.